கரையில் ஒரு கயிறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைத் "துணிவு" என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் கருவாடு விற்கிறவள். குழுவில் பிரதிநிதி. கணக்குப் பேசச் சொன்னால் பேசுவேன், கடன் பேசச் சொன்னால் பேசுவேன். துணிவைப் பற்றி என்ன பேச என்று யோசித்தபோது, என் மகள் ஒரு யோசனை சொன்னாள். "அம்மா, உனக்குச் சுறாவைத் தெரியும். அதிலிருந்து ஆரம்பி" என்றாள். கல்லூரி நூலகத்தில் தேடி நிறைய எழுதிக்கொண்டும் வந்தாள். அவள் படித்துச் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கடைசியில் என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உண்மையில் இந்த மேடைக்கு வந்தேன்.

நமக்குச் சுறா என்றால் என்ன ஞாபகம் வரும்? புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா. பூண்டை நிறையத் தட்டிப் போட்டு வேகவைத்த வாசனை. நம்மைப் பொறுத்தவரை சுறாவை மனுஷன்தான் தின்கிறான். ஆனால் வேறு சில தேசங்களில், கடலில் குளிக்கிற இடத்தில், சுறா மனுஷனைக் கடித்த சம்பவங்கள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் சில பேர் செய்த காரியங்களைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

முதலில் ஒரு பெண்ணின் கதை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ என்று ஒரு பெரிய ஊர். அங்கே கோல்டன் கேட் என்ற பெரிய தொங்கு பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே பேக்கர் பீச் என்று ஒரு கடற்கரை. 1959ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி மாலை, அங்கே இரண்டு கல்லூரி மாணவர்கள் குளிக்கப் போனார்கள். ஒருவர் ஆல்பர்ட் காக்லர். இன்னொருவர் ஷெர்லி ஓநீல் என்ற பெண். இரண்டு பேருக்கும் பதினெட்டு வயசுதான். கரையிலிருந்து ஐம்பது கஜ தூரம் போயிருப்பார்கள். திடீரென்று அந்தப் பையன் அலறினான். வெள்ளைச் சுறா. தன்னைச் சுறா பிடித்துவிட்டது, நீ ஓடிவிடு என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண் முதலில் கரையைப் பார்த்துத்தான் திரும்பினார். கொஞ்ச தூரம் நீந்தியும் விட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. திரும்பினார். தண்ணீரெல்லாம் ரத்தம். சுறா எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அந்தக் கை தோளோடு கிட்டத்தட்ட அறுந்து கிடந்தது. பிறகு அவன் உடம்பைச் சுற்றித் தன் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் நீந்தினார். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துத் தன் தூண்டில் நரம்பை அவர்கள் பக்கம் வீசினார். அதைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள்.

அந்தப் பையன் பிழைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஆனால் தண்ணீருக்குள் தனியாகச் சாகவில்லை. அவன் அம்மா அப்பாவுக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். உடம்பு கிடைக்காமல் எத்தனை வீட்டில் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! ஷெர்லி ஓநீலுக்கு அமெரிக்க அரசு இளையோருக்கான வீரப் பதக்கம் கொடுத்தது.

அடுத்த கதை ஆஸ்திரேலியா. சிட்னி நகரத்தில் கூஜி என்ற கடற்கரை. 1922ஆம் வருஷம் பிப்ரவரி 4ஆம் தேதி. மில்டன் காக்லன் என்ற இளைஞரைச் சுறா பிடித்தது. அவரே கடலில் மற்றவர்களைக் காப்பாற்றப் பயிற்சி எடுத்தவர். நிறைய ஜனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போது ஜாக் சால்மர்ஸ் என்று ஒருவர், முதல் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பியவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறைமேல் ஓடினார். பாசி வழுக்கி விழுந்தார். அடிபட்டது. எழுந்து கடலில் குதித்தார். அவருக்குப் பின்னால் ஃப்ராங்க் போரிபேர் என்ற நீச்சல் வீரரும் குதித்தார். இருவரும் சேர்ந்து காக்லனைப் பிடித்துக்கொள்ள, கரையில் நின்றவர்கள் கயிற்றை இழுத்தார்கள். அந்த இளைஞரும் பிழைக்கவில்லை. ஆனால் காப்பாற்றப் போனவர்கள் உயிரோடு திரும்பினார்கள். சால்மர்ஸுக்கு ஆல்பர்ட் மெடல் என்ற பெரிய விருது கிடைத்தது.

ஏன் திரும்ப முடிந்தது? இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மனுஷங்க. ஆஸ்திரேலியாவில் கடற்கரைக்குக் கடற்கரை காவல் சங்கம் வைத்து, உருளையில் கயிறு சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தச் சங்கங்களில் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்தது 1980ஆம் வருஷம்தான். அதுவரை பெண்ணுக்கு அவ்வளவு பலம் வராது என்றார்கள். 1959லேயே ஒற்றைக் கையால் ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தாளே ஒரு பதினெட்டு வயசுப் பெண், அவளை அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது!

கயிறு இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை. 1916ஆம் வருஷம் ஜூலை மாதம், அமெரிக்காவில் நியூஜெர்சிக் கரையில் 12 நாளில் நாலு பேர் சுறாக் கடித்து இறந்தார்கள். அதில் இரண்டு சாவு கடலிலேயே நடக்கவில்லை. மாட்டவான் என்ற ஊரில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓர் ஓடையில் நடந்தது. அன்றைக்குத் தாமஸ் காட்ரல் என்ற வயசான மாலுமி பாலத்தின்மேல் போகும்போது தண்ணீரில் சுறா போவதைப் பார்த்துவிட்டார். ஊருக்குள் ஓடிப் போய்ச் சொன்னார். ஓடையில் எங்கேயாவது சுறா வருமா என்று ஜனங்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் லெஸ்டர் ஸ்டில்வெல் என்ற சின்னப் பையனைச் சுறா இழுத்தது. ஸ்டான்லி ஃபிஷர் என்ற 24 வயசுத் தையல்காரர், பையனைத் தேடி ஓடையில் இறங்கினார். பையனைப் பிடித்தும் விட்டார். அப்போது சுறா அவர் தொடையைக் கடித்தது. அன்று சாயங்காலமே அவரும் இறந்தார்.

அந்தத் தையல்காரரின் துணிவு மற்றவர்களின் துணிவுக்குக் குறைந்ததில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. எச்சரிக்கை சொன்னவரை நம்பியிருந்தால் அவர் தண்ணீரில் இறங்கவே வேண்டியிருக்காது. வயசானவர், ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார்கள். நம் ஊரிலும் பாட்டிமார் "இன்றைக்குத் தண்ணி சரியில்லை, இறங்காதே" என்று சொல்வார்கள். நாம் கேட்கிறோமா?

இன்னும் ஒரே ஒரு கதை, இது சந்தோஷமான கதை. 2003ஆம் வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளில் பெதனி ஹாமில்டன் என்ற 13 வயசுச் சிறுமி, பலகையில் படுத்து அலைச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். புலிச்சுறா இடது கையைத் தோளுக்குப் பக்கத்தில் கடித்துக்கொண்டு போய்விட்டது. கூட இருந்தது அவள் தோழியும், தோழியின் அப்பாவும், அண்ணனும். அந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? அழவில்லை, கத்தவில்லை. அலைச்சறுக்குப் பலகையைக் காலோடு கட்டும் வாரை எடுத்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. உடம்பிலிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் போயிருந்தும் பிள்ளை பிழைத்தாள். ஒரு மாசத்துக்குள் ஒற்றைக் கையோடு மறுபடி கடலில் இறங்கினாள். பிறகு போட்டிகளில் ஜெயித்தாள். இன்றைக்கு அவளும் பிள்ளைகளுக்குத் தாய்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஐயோ, இனி கடலில் காலே வைக்க மாட்டேன்" என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்தில் 500க்கும் மேற்பட்ட வகைச் சுறா உண்டு. மனுஷனைக் கடிப்பது வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா என்று ஒரு சில வகைதான். உலகம் முழுக்கச் சேர்த்தாலும், தானாக வந்து கடிப்பது வருஷத்துக்குச் சுமார் 60, 70 தடவைதான். அதில் இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவு. ஆனால் தண்ணீரில் மூழ்கி இறப்பவர்கள்? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ஆம் வருஷம் மட்டும் சுமார் 3 லட்சம் பேர்.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். பத்து எங்கே, மூணு லட்சம் எங்கே! சுறாவை வைத்து 1975இல் "ஜாஸ்" என்று சினிமா எடுத்தார்கள். உலகமே பயந்தது. அந்தக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டு அலைந்தார். நம் நாட்டிலும் திமிங்கலச் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்று 2001இலேயே சட்டப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். ஆக, நம் கரையில் நிஜமான எமன் சுறா இல்லை, தண்ணீர்.

இனி என் கதை.

எங்கள் ஊர்க் கரைக்குக் காணும் பொங்கல் அன்று வெளியூர் ஜனம் நிறைய வரும். சில வருஷத்துக்கு முன்னால் அப்படி நாலு பையன்கள் வந்தார்கள். படிக்கிற பிள்ளைகள். அலை நல்லா உடைகிற இடத்தை விட்டுவிட்டு, தண்ணீர் அமைதியாக இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கினார்கள். அங்கேதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் மாதிரி வழி வைத்திருக்கும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாகத் தெரியும். எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? போய்ச் சொல்லியிருக்கலாம். வெளியூர்ப் பையன்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

ஒரு பையனை இழுத்துக்கொண்டு போனது. கையைத் தூக்கினான். நாங்கள் இருபது பேர் பெண்கள் கரையில் நின்று கத்தினோம். மாரில் அடித்துக்கொண்டோம். ஆம்பளைகள் ஓடி வந்து, ஃபைபர் படகைத் தள்ளி, எஞ்சினை இறக்கிக் கிளப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கும் அவனுக்கும் நடுவே அப்போது முப்பது அடி தூரம்கூட இருக்காது. நான் அதுவரை எதன்மேல் உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா? சுருட்டி வைத்த கயிற்றின்மேல். நல்ல நைலான் கயிறு. நூறு அடிக்கு மேல் இருக்கும். பக்கத்திலேயே ரெண்டு காலி மண்ணெண்ணெய்க் கேன். கேனைக் கயிற்றில் கட்டி வீசியிருந்தால் அவன் பிடித்திருப்பான். எனக்குத் தோன்றவில்லை. இருபது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு கயிற்றை எடுத்து வைக்கக் குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே நாளில் அந்தப் பையனின் அம்மா வந்தார்கள். பூவும் பழமும் தண்ணீரில் விட்டார்கள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அன்னைக்குக் கயிறு கியிறு ஒண்ணும் இல்லியாம்மா?" என்றார்கள். நான் "இல்லைங்கம்மா" என்றேன்.

பொய் சொன்னேன். அந்தப் பொய்யை இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன். இன்றைக்கு உங்கள் எல்லார் முன்னாலும் இறக்கி வைக்கிறேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

2020ஆம் வருஷம் ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்கப் போன இளைஞர்கள் நாலு பேர் தண்ணீரில் சிக்கிக்கொண்டார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி என்ற மூன்று பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிடித்துக் கரை ஏறினார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் அரசு அந்த வருஷச் சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அதைக் கேட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. அவர்களிடம் கயிறு இல்லை, மானம் என்று ஊர் சொல்கிற சேலையை வீசினார்கள். என்னிடம் கயிறு இருந்தது.

அக்கா தங்கச்சிகளே, அதனால் சொல்கிறேன். துணிவு என்பது பயம் இல்லாமல் இருப்பது இல்லை. ஷெர்லி ஓநீல்கூட முதலில் பயந்து கரைப் பக்கம் திரும்பியவர்தான். அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்று பார்க்கிற புத்தியும் துணிவுதான். அந்தப் புத்தி சொல்லிக் கொடுத்தால் வரும். எனவே சில விஷயங்களை மனசில் வையுங்கள்.

ஒன்று. நீச்சல் தெரியாமல் யாரையும் காப்பாற்றத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒரு சாவு இரண்டாகும். வீசுங்கள். கயிறு, சேலை, துப்பட்டா, மூடி இறுக்கிய காலிக் கேன், பிளாஸ்டிக் குடம், டியூப், எது கிடைத்தாலும். வீசுகிறபோது குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், அல்லது பின்னால் ஒருத்தி உங்களைப் பிடித்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அவர் இழுக்கிற இழுப்பில் நீங்களும் உள்ளே போவீர்கள்.

இரண்டு. இழுப்பில் மாட்டியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப் போவார். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பை விட்டு வெளியே வரலாம். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்று. வெளியே எடுத்தவரைத் தலைமேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது கூடவே கூடாது. மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். ஒருத்தி அதைச் செய்ய, இன்னொருத்தி 108க்குப் போன் பண்ண வேண்டும். இதற்கு நேரில் பயிற்சி வேண்டும். நம் பயிற்சித் திட்டத்தில் இதைச் சேர்க்கும்படி அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு. வெட்டுக்காயமோ, கதிர் அறுக்கும் இயந்திரமோ, விபத்தோ, ரத்தம் பீய்ச்சினால் சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்திப் பிடியுங்கள். கை காலில் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாம்புக் கடிக்கு மட்டும் இப்படிக் கட்டக் கூடாது. அதற்கு அசையாமல் வைத்துக் கொண்டுபோவதுதான் வழி.

கடைசியாக என் கோரிக்கை. நம் கூட்டமைப்பில் கடற்கரை ஊர்களும் இருக்கின்றன, ஏரி, குளம், கிணறு இருக்கிற ஊர்களும் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் ஜனம் குளிக்கிற இடத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் நூறு அடிக் கயிறும், காற்றடித்த டியூப் ஒன்றும், மூடி போட்ட காலிக் கேன் ஒன்றும் தொங்கவிட வேண்டும். உறுப்பினருக்குப் பத்து ரூபாய் போதும். மாசத்துக்கு ஒரு தடவை கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க, முறை வைத்து ஒரு குழு பொறுப்பெடுக்க வேண்டும். துணி காயப்போட, மாடு கட்ட யாராவது அவிழ்த்துக்கொண்டு போனால் அபராதம்!

இன்னொன்றும் கேட்கிறேன். நம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள். நான் கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு நீச்சல் தெரியாது. என் அண்ணன் தம்பிக்கெல்லாம் தெரியும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் பேத்திக்கு நான் சொல்லித்தர முடியாது. ஆனால் அவளைத் தண்ணீரில் இறக்கச் சொல்லி என் மகனிடம் சண்டை போட முடியும். போட்டுவிட்டேன். இப்போது கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வருகிற காணும் பொங்கலுக்கு அந்த அம்மா மறுபடி வருவார்கள். அவர்கள் வரும்போது எங்கள் கரையில் அந்தக் கம்பம் நிற்க வேண்டும். அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "அன்னைக்குக் கயிறு இருந்துச்சும்மா, எனக்குத்தான் தோணலை" என்று உண்மையைச் சொல்லப்போகிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

என் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.